பட்ஜெட்டை முதலில் எழுதுங்கள்

சின்னத் தொண்டு நிறுவனங்கள் நடத்தும் நண்பர்கள் நிதி கேட்டுப் புரொபோசல் எழுதினால் அனுப்புவதற்கு முன் என்னிடம் ஒரு பார்வை பார்க்கச் சொல்வார்கள். கூடவே ஒரு வரி தவறாமல் வரும்: "கொஞ்சம் இங்கிலீஷ் மட்டும் சரி பண்ணிக் குடுங்க சார்." நான் இங்கிலீஷ் பக்கம் போவதே இல்லை. நேராகக் கடைசியில் இருக்கும் பட்ஜெட் ஷீட்டைத் திறப்பேன். பணம் கொடுக்கிற இடத்தில் விவரம் தெரிந்த ஆள் உட்கார்ந்திருந்தால் அவரும் அதைத்தான் செய்வார். முன்னால் இருக்கும் பன்னிரண்டு பக்கத்தில் என்ன வேண்டுமானாலும் எழுதலாம். எதை உண்மையிலேயே செய்யப்போகிறோம் என்பது பட்ஜெட்டில்தான் தெரியும்.

நம் ஆட்கள் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள். பின்னணி, நோக்கம், குறிக்கோள், எதிர்பார்க்கும் பலன் எல்லாம் எழுதி முடித்து, கடைசித் தேதிக்கு முந்தின ராத்திரி, ஃபண்டர் சொன்ன தொகைக்குள் அடங்குகிற மாதிரி எண்களைப் பிரித்துப் போடுகிறார்கள். புரொபோசல் அங்கேயே விழுந்துவிடுகிறது. அதனால்தான் பார்க்கிறவர்களிடம் எல்லாம் பட்ஜெட்டை முதலில் எழுதுங்கள், கதையை அப்புறம் எழுதிக்கொள்ளலாம் என்று சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

எனக்குப் பழகின வேலை கண்மாய். சிவகங்கை, ராமநாதபுரம் பக்கம் இருக்கிறவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. வடக்கே ஏரி என்பார்கள். கண்மாய் மராமத்துக்கு நிதி கேட்டு வரும் புரொபோசல்களில் பெரும்பாலானவை, "பருவநிலை மாற்றம் இன்று உலகம் எதிர்கொள்ளும் மாபெரும் சவால்" என்றுதான் ஆரம்பிக்கும். அடுத்த பத்தியில் தமிழ்நாட்டில் சுமார் 39,000 ஏரி குளங்கள் இருக்கின்றன என்று வரும். அதற்கடுத்து நம் முன்னோரின் நீர் மேலாண்மை. ஊர்ப் பெயர் மூன்றாம் பக்கத்தில்தான் வரும். இதைப் படிக்கிற சிஎஸ்ஆர் (கம்பெனிகளின் சமூகப் பொறுப்பு நிதி) மேனேஜர் அன்றைக்குக் காலையிலிருந்து இதே வரியை எத்தனை தடவை படித்திருப்பார் என்று யோசித்துப் பாருங்கள்.

ஊர்ப் பெயர் முதல் வரியில் வரட்டும். இந்தக் கண்மாய்க்கு ஆயக்கட்டு, அதாவது இதில் பாசனம் ஆகும் நிலம், எத்தனை ஏக்கர், அதில் இப்போது எத்தனை ஏக்கர் நடவு ஆகிறது. வரத்துக் கால்வாய் எங்கே அடைபட்டிருக்கிறது, சீமைக் கருவேலம் எவ்வளவு தூரத்துக்கு மண்டியிருக்கிறது. வயலுக்குத் தண்ணீர் திறந்துவிடும் எந்த மடையில் ஷட்டர் உடைந்து மணல் மூட்டை போட்டு அடைத்திருக்கிறார்கள். மிச்சத் தண்ணீர் வழிந்து போகும் கலுங்கு ஒழுகுகிறதா. இவ்வளவும் அரைப் பக்கத்தில் அடங்கும். படிப்பவருக்கு இந்த ஆட்கள் கரையில் நடந்து பார்த்துவிட்டுத்தான் எழுதியிருக்கிறார்கள் என்று புரிந்துவிடும்.

சரி, இப்போது கணக்குக்கு வருவோம். "10 ஏக்கர் பரப்பில் ஒன்றரை அடி ஆழத்துக்குத் தூர்வாரப்படும்" என்று செயல்பாட்டுப் பகுதியில் ஒரு வரி இருக்கிறது என்று வையுங்கள். பட்ஜெட்டில் "இயந்திர வாடகை, 10 நாள்" என்று இருக்கிறது. ஒரு ஏக்கர் 43,560 சதுர அடி. பத்து ஏக்கர் ஒன்றரை அடி என்றால் 6,53,400 கன அடி. நூறு கன அடி ஒரு யூனிட், ஆக 6,534 யூனிட் மண். டிப்பருக்கு மூன்று யூனிட் வீதம் 2,178 நடை. நல்ல ஹிட்டாச்சி, காத்திருக்காமல் ஓடுகிற அளவுக்கு டிப்பர்கள், ஒரு நாளைக்கு நூறு நடை என்று தாராளமாக வைத்தாலும் 22 நாள் ஆகும். பத்து நாளில் எப்படி முடியும்? எழுதினவர் பொய் சொல்லவில்லை. செயல்பாட்டை ஒருவர் எழுதியிருக்கிறார், பட்ஜெட்டை இன்னொருவர் போட்டிருக்கிறார், இரண்டு பேரும் பேசிக்கொள்ளவில்லை. ஆனால் கால்குலேட்டரைத் தட்டிப் பார்க்கிற ஒரு ஆள் எதிர்ப்பக்கம் இருந்தால் அந்தப் புரொபோசல் அத்தோடு சரி.

அந்த 6,534 யூனிட் மண் எங்கே போகும் என்பதும் பட்ஜெட் கேள்விதான். கரையைப் பலப்படுத்த எவ்வளவு, விவசாயிகள் வயலுக்கு எவ்வளவு? விவசாயிகளும் மண்பாண்டத் தொழிலாளர்களும் வட்டாட்சியர் அனுமதியோடு வண்டலை இலவசமாக எடுத்துக்கொள்ளலாம் என்று 2024-ல் அரசு நடைமுறையை எளிதாக்கியது. அதைப் பயன்படுத்தி, "வண்டலை விவசாயிகள் தங்கள் டிராக்டரில் எடுத்துக்கொள்கிறார்கள், எங்கள் நடைச் செலவு இவ்வளவு குறைகிறது" என்று காட்டினால் அதுவே மக்கள் பங்களிப்பு. 'மக்கள் பங்கேற்புடன்' என்று எட்டு இடத்தில் எழுதுவதைவிட பட்ஜெட்டில் இருக்கும் அந்த ஒரு வரிக்கு எடை அதிகம். அப்புறம், அனுமதிக் கடிதம். பொதுவாக ஆயக்கட்டு நூறு ஏக்கருக்கு மேல் என்றால் நீர்வளத் துறை, அதற்குக் கீழே என்றால் ஊராட்சி ஒன்றியம். யாருடைய கண்மாய் என்று தெரியாமல் யாருக்கோ கடிதம் எழுதிவிட்டு, "அனுமதி பெறப்படும்" என்று போடுகிறவர்கள் இன்னமும் இருக்கிறார்கள்.

நான் சண்டை போடுவது சம்பளத்துக்காகத்தான். பட்ஜெட்டில் இயந்திரத்துக்கும் சிமெண்டுக்கும் 95 சதவீதம் போட்டுவிட்டு, ஒருங்கிணைப்பாளருக்கு மாதம் ஒரு சின்னத் தொகை, அதுவும் ஆறு மாதத்துக்கு மட்டும் எழுதுகிறார்கள். கணக்குப் பார்க்கிறவருக்கு ஒன்றுமே இருக்காது. ஆடிட் கட்டணம் இருக்காது. பைக் பெட்ரோல் இருக்காது. கேட்டால், "சம்பளம் அதிகம் காட்டினா குடுக்க மாட்டாங்க" என்பார்கள். அப்படியானால் அந்த ஒருங்கிணைப்பாளர் பெண் எந்தக் காசில் வேலை செய்வாள்? வேறொரு புராஜெக்ட் காசில், அல்லது இயக்குநரின் மனைவி நகையில். இதெல்லாம் எனக்குத் தெரிந்த இடங்களில் நடந்ததுதான், நடந்துகொண்டிருப்பதுதான்.

இதில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துக்கொள்ள வேண்டும். "சிஎஸ்ஆர் சட்டப்படி நிர்வாகச் செலவு 5 சதவீதம்தான்" என்று கம்பெனிக்காரர்களே சொல்வார்கள், நம்மவர்களும் தலையாட்டுவார்கள். 2021 ஜனவரியில் திருத்தப்பட்ட விதியைப் படித்துப் பாருங்கள். அந்த 5 சதவீத வரம்பு, கம்பெனி தன்னுடைய சிஎஸ்ஆர் பிரிவை நடத்தச் செலவழிக்கும் பொது நிர்வாகச் செலவுக்கு. ஒரு குறிப்பிட்ட திட்டத்தை வடிவமைக்க, நடத்த, கண்காணிக்க, மதிப்பிட நேரடியாக ஆகும் செலவு அந்தக் கணக்கில் வராது என்று அதே விதியில் விளக்கம் இருக்கிறது. கரையில் நின்று நடை எண்ணுகிற ஒருங்கிணைப்பாளரின் சம்பளம் திட்டச் செலவு. அதை 'நிர்வாகம்' என்ற தலைப்பில் கொண்டுபோய் நாமே போட்டுவிட்டு, அப்புறம் வெட்டிவிட்டார்கள் என்று அழுவதில் அர்த்தமில்லை. கம்பெனி தன் கொள்கையாகவே குறைந்த சதவீதம் வைத்திருக்கலாம், அது அவர்கள் உரிமை. சட்டம் என்று சொன்னால் மட்டும் மரியாதையாக விதியைக் காட்டுங்கள்.

வெளிநாட்டுப் பணம் என்றால் கதை வேறு. அதற்கான சட்டமான எஃப்சிஆர்ஏ-வில் நிர்வாகச் செலவு வரம்பு முன்பு 50 சதவீதம். 2020 திருத்தத்தில் 20 ஆகிவிட்டது. வாங்கின பணத்தை இன்னொரு நிறுவனத்துக்குக் கைமாற்றவும் முடியாது. "உள்ளூர்க் குழுக்களுக்கு நிதி பிரித்து வழங்கப்படும்" என்று பழைய புரொபோசலில் இருந்து காப்பி அடித்தால் நேராக வம்புதான்.

இன்னும் இரண்டு சில்லறை விஷயம், ஆனால் கையைக் கடிப்பவை. கொட்டேஷன் வாங்கும்போது அடியில் 'ஜிஎஸ்டி தனி' என்று சின்ன எழுத்தில் இருக்கும். நம்மில் பெரும்பாலோருக்கு அந்த ஜிஎஸ்டியைத் திரும்ப எடுக்க வழி கிடையாது, அது முழுச் செலவு. 18 சதவீதம் என்றால் ஐந்து லட்சம் பில்லில் தொண்ணூறாயிரம். அடுத்து, 20 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடமாக இருந்தால் இபிஎஃப்பில் (வருங்கால வைப்பு நிதி) நிறுவனத்தின் பங்கு 12 சதவீதம். கைக்குப் போகும் சம்பளத்தை மட்டும் பட்ஜெட்டில் எழுதினால் அந்தப் பன்னிரண்டு எங்கிருந்து வரும்?

காலண்டர் பற்றியும் சொல்லியாக வேண்டும். கம்பெனிக்கு வருஷம் மார்ச் 31-ல் முடியும். கண்மாய்க்கு அப்படியில்லை. வடகிழக்குப் பருவமழை அக்டோபரில் பிடிக்கும், நல்ல மழை என்றால் தை, மாசி வரை தண்ணீர் நிற்கும். மண் காய்ந்து வண்டி இறங்க எங்கள் பக்கம் பங்குனி, சித்திரை ஆகும். வேலை பார்க்கக் கிடைப்பது கோடையும் அதற்கடுத்த சில மாதமும்தான். ஆனால் ஜனவரியில் போன் வரும்: "கொஞ்சம் ஃபண்ட் மிச்சம் இருக்கு, மார்ச்சுக்குள்ள முடிச்சு யூசி குடுத்துடுவீங்களா?" யூசி என்றால் பணத்தைச் செலவழித்துவிட்டோம் என்ற சான்று. முடியாது என்று சொல்ல எந்தச் சின்ன நிறுவனத்துக்கும் மனசு வராது. வாங்கிவிட்டுத் தண்ணீருக்குள் எதைத் தூர்வாருவது?

இதற்குச் சட்டத்திலேயே வழி இருக்கிறது. கம்பெனியின் போர்டு அதைத் 'தொடர் திட்டம்' என்று எடுத்துக்கொண்டால், ஆரம்பித்த நிதியாண்டு போக இன்னும் மூன்று நிதியாண்டு வரை நடத்தலாம். செலவாகாத பணத்தை நிதியாண்டு முடிந்து 30 நாளுக்குள் அதற்கென்று தனி வங்கிக் கணக்கில் கம்பெனி போட்டு வைக்க வேண்டும், அவ்வளவுதான். இதை நாம்தான் புரொபோசலில் முதலிலேயே கேட்க வேண்டும். முதல் வருஷம் சர்வே, அனுமதி, ஆயக்கட்டுதாரர் கூட்டம், வரத்துக் கால்வாய். இரண்டாம் வருஷக் கோடையில் தூர்வாருதலும் மடையும். மூன்றாம் வருஷம் அளந்து பார்ப்பது. பணமும் இந்த வரிசையிலேயே தவணையாக வரட்டும். மாதவாரியாகத் தொங்கவிடும் அட்டவணையில் நவம்பரில் 'தூர்வாருதல்' என்று கட்டம் கட்டி நிறமடித்த புரொபோசல் ஒன்றைப் பார்த்திருக்கிறேன். அட்டவணை அழகாகத்தான் இருந்தது.

பலனை எப்படிக் காட்டுவது என்று கேட்பவர்களுக்கு: கிராம நிர்வாக அலுவலரிடம் அடங்கல் இருக்கிறது. எந்த சர்வே நம்பரில் என்ன பயிர், எவ்வளவு பரப்பு, எது தரிசு என்று பசலி (வருவாய்த் துறையின் கணக்கு வருஷம்) வாரியாக இருக்கும். வேலைக்கு முந்தின மூன்று பசலியில் ஆயக்கட்டுக்குள் எத்தனை ஏக்கர் நெல், எத்தனை தரிசு என்று எடுத்து வையுங்கள். அதுதான் உங்கள் அடிப்படைத் தரவு, யாருக்கும் காசு கொடுத்து ஆய்வு நடத்த வேண்டாம். கூடவே மடைக்கல்லில் அடிக்கணக்குக் குறியிட்டு, வாரம் ஒரு தடவை தண்ணீர் மட்டத்தை நோட்டில் எழுத ஒரு ஆள். மழை வருஷத்துக்கு வருஷம் மாறும் என்பதால் மழையளவையும் பக்கத்தில் எழுத வேண்டும், இல்லாவிட்டால் நல்ல மழைக்கும் நம் வேலைக்கும் வித்தியாசம் தெரியாது. நாலு பேர் இதைச் சுட்டிக்காட்டுவதற்கு முன்னால் நாமே புரொபோசலில் எழுதிவிடுவது நல்லது.

பயனாளிகள் எண்ணிக்கையை ஊதுவதை மட்டும் விட்டுவிடுங்கள். ஆயக்கட்டில் 140 விவசாயிகள் என்றால் 140 என்று எழுதுங்கள். நிலமில்லாதவர்களுக்கு என்ன கிடைக்கும், மீன் ஏலம் யார் கைக்குப் போகிறது, ஆடு மாடு தண்ணீர் குடிக்க எங்கே இறங்கும் என்று தனியாக எழுதுங்கள். ஊர் மக்கள்தொகையை அப்படியே போட்டு 'நேரடிப் பயனாளிகள் 4,800' என்று எழுதினால் யாரும் நம்பப்போவதில்லை. அதேபோல, "திட்டத்துக்குப் பின் ஊர் மக்களே பராமரிப்பார்கள்" என்ற ஒற்றை வரி. மடை திறந்து தண்ணீர் பாய்ச்சும் நீர்பாய்ச்சிக்கு ஏக்கருக்கு எவ்வளவு, நெல்லாகவா பணமாகவா, யார் வசூலிப்பது? இது முடிவாகியிருந்தால் எழுதுங்கள். முடிவாகவில்லை என்றால் முடிவெடுக்கும் கூட்டத்துக்கு டீ செலவு உட்பட பட்ஜெட் போடுங்கள்.

இப்போதெல்லாம் சாட்ஜிபிடியில் எழுதி அனுப்புகிறார்கள். தப்பில்லை. ஆனால் அதற்கு உங்கள் மடையைத் தெரியாது. நீங்கள் சொல்லாததை அது 'முழுமையான', 'நிலையான', 'மாற்றத்தை உருவாக்கும்' என்று நிரப்பிவிடும். பத்து நிறுவனத்தின் புரொபோசல் ஒரே ஆள் எழுதின மாதிரி இருக்கிறது.

கடைசியாகப் பேரம். 20 லட்சம் கேட்டால் பெரும்பாலும் 12 லட்சம்தான் தருவேன் என்பார்கள். நம்மவர்கள் ஒரே ராத்திரியில் அதே செயல்பாடுகளை வைத்துக்கொண்டு எண்களை மட்டும் 12-க்குக் குறைத்து அனுப்புகிறார்கள். முதலில் வெட்டுப்படுவது அந்த ஒருங்கிணைப்பாளர் பெண்ணின் சம்பளம். இதற்குப் பதில் முதல் நாளே இரண்டு அளவு போட்டுக் கையில் வைத்திருங்கள். முழு வேலை 20 லட்சம். 12 லட்சம்தான் என்றால் வரத்துக் கால்வாயும் இரண்டு மடையும் மட்டும், கண்மாயில் தண்ணீர் தேங்கும் உள்வாயைத் தொடமாட்டோம், ஆள் சம்பளம் மாறாது. இப்படிச் சொன்னதால் கோபித்துக்கொண்டு போன கம்பெனிகளும் உண்டு. ஆனால் 20 லட்சம் வேலையை 12-க்கு ஒப்புக்கொண்டால் கோடை முடிவதற்குள் கடன், ஒப்பந்தக்காரரிடம் ஏச்சு, அரைகுறைக் கரை. அடுத்த வருஷம் அதே மேனேஜர் போன் போட்டு, "போன தடவை 12-லேயே முடிச்சீங்களே, இந்தத் தடவை 10-ல பண்ணுங்களேன்" என்பார்.