ஐந்து வகுப்பும் ஒரே அறையில்

எங்கள் ஊர் ஓட்டுப் பள்ளிக்கூடத்தை இடிக்கப் போகிறார்களாம். ஒரே அறை, ஒரே வாத்தியார். ஒன்றாவது முதல் ஐந்தாவது வரை அங்கேதான் படித்தோம். இடிக்கலாமா என்று வந்து பார்த்த அதிகாரி உள்ளே கூட நுழையவில்லை. இருபது ஓடு உடைந்திருப்பது உண்மைதான். சுண்ணாம்புக் காரைச் சுவரில் ஒரு விரிசல் கிடையாது.

2021 டிசம்பரில் நெல்லையில் பள்ளிக் கழிப்பறைச் சுவர் விழுந்து மூன்று மாணவர்கள் இறந்தார்கள். அதற்குப் பிறகுதான் பழைய கட்டடங்களை வேகமாக இடிக்க ஆரம்பித்தார்கள். அந்தப் பயம் நியாயமானது. பிள்ளைகள் உயிரைப் பணயம் வைத்து யாரும் பழம்பெருமை பேசக் கூடாது. ஆனால் வயதான கட்டடத்தையும் விழப்போகிற கட்டடத்தையும் ஒரே பட்டியலில் சேர்ப்பதை என்னால் ஏற்க முடியவில்லை.

அந்த அறை எப்படி நடந்தது என்று இன்றைய பிள்ளைகளுக்குச் சொன்னால் நம்ப மாட்டார்கள். மூன்று சுவரிலும் கரும்பலகை. ஊமத்தை இலையும் அடுப்புக்கரியும் அரைத்து நாங்களே பூசுவோம். வாத்தியார் ஐந்தாவதுக்குக் கணக்குப் போட்டுவிட்டு மூன்றாவதுக்குப் போவார். அதற்குள் ஒன்றாவதுப் பிள்ளைகள் கையைப் பிடித்து 'அ' எழுத வைப்பது நாலாவது படிக்கும் அக்காக்கள் வேலை. நான் வாய்ப்பாடு கற்றதே பக்கத்து வரிசை சொல்லக் கேட்டுத்தான்.

இது வழியில்லாமல் செய்த ஏற்பாடு என்று நினைப்பவர்களுக்குச் சொல்கிறேன். சென்னை எழும்பூரில் அனாதைச் சிறுவர் பள்ளியை நடத்திய ஆண்ட்ரூ பெல், நம் பிள்ளைகள் மணலில் எழுதிப் படிப்பதைப் பார்த்தார். பெரிய பையன்களை வைத்தே சின்னவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கும் முறையை நடத்தி, 1797இல் லண்டனில் புத்தகமாகப் போட்டார். 'மதராஸ் முறை' என்ற பெயரிலேயே அது இங்கிலாந்தில் பரவியது. 2007இல் தமிழகம் முழுக்க வந்த செயல்வழிக் கற்றல் அட்டைகளுக்கும் (பிள்ளைகள் அவரவர் வேகத்தில் தாமே செய்து படிக்கும் அட்டைகள்) மூலம் ஆந்திராவில் மதனப்பள்ளிப் பக்கம் ரிஷிவேலி பள்ளிக்காரர்கள் நடத்திய ஓராசிரியர் பள்ளிகள்தான்.

அதற்காக, அந்தக் காலத்தில் வீட்டுத் திண்ணையில் நடந்த திண்ணைப் பள்ளியைத் தூக்கிப் பிடிக்க நான் வரவில்லை. அப்போது சென்னை ஆளுநராக இருந்த தாமஸ் மன்றோ எடுத்த கணக்கில், 1826இல் சென்னை மாகாணத்தில் 12,498 பள்ளிகள், 1,88,650 பிள்ளைகள். அதில் பெண்கள் வெறும் 4,540. சேரிப் பிள்ளைகளுக்குத் திண்ணையில் இடமே இல்லை. அந்தக் கதவைத் திறந்துவிட்டவை காமராசர் காலத்தில் ஊர் ஊராக வந்த இந்த ஓராசிரியர் பள்ளிகள். 1958இல் தொடங்கிய பள்ளிச் சீரமைப்பு மாநாடுகளில் ஊர்க்காரர்களே மணி, பெஞ்சு, ஓடு என்று கொடுத்தார்கள்.

எங்கள் பள்ளிச் சேர்க்கைப் பதிவேட்டில் பெற்றோர் கையெழுத்து இடத்தில் பக்கம் பக்கமாகக் கட்டைவிரல் ரேகை. என் பாட்டியின் ரேகையும் அதில் இருக்கிறது, மை கொஞ்சம் இழுபட்டு. அந்தப் பதிவேடு இப்போது கரையான் பிடித்த பெட்டியில் கிடக்கிறது.

சுண்ணாம்புக் கட்டடம் தெரிந்த பொறியாளர் ஒருவர் வந்து பார்க்கட்டும். தாங்காது என்று அவர் சொன்னால் நாங்களே ஒதுங்கிக்கொள்கிறோம். தாங்கும் என்றால் ஓடு மாற்றிப் படிப்பகமாக்குங்கள், செலவில் பாதியை ஊர் தரும். இதைக் கேட்டு எழுதிய மனுவில் இதுவரை 63 பேர் கையெழுத்துப் போட்டிருக்கிறோம். வெளியூரில் இருக்கும் நம் ஊர்ப் பிள்ளைகள் திங்கட்கிழமைக்குள் உங்கள் பெயரையும் சேர்க்கச் சொல்லி எனக்கு எழுதுங்கள்.