பேட்டரியை முதலில் யாருக்குக் கொடுப்பது?

போன வாரம் வியாசர்பாடிப் பக்கம் மின்சாரப் பேருந்தில் ஏறினேன். ஏறினேன் என்று சொல்வதே தப்பு. தாழ்தளம், நடந்து உள்ளே போனேன். பின்னால் வந்த முட்டிவலிக்கார அம்மாவும் கம்பியைப் பிடித்துத் தொங்காமல் வந்து உட்கார்ந்தார். எஞ்சின் உறுமல் கிடையாது. அதனால் பக்கத்து சீட்டுக்காரர் போனில் சம்பந்தியோடு போட்ட சண்டை முழுசாகக் காதில் விழுந்தது. டீசல் வண்டியில் இந்தத் தொல்லை இல்லை.

மின்சாரம் சென்னைக்குப் புதுசும் இல்லை. 1895-லேயே இங்கே மின்சார டிராம் ஓடியது, 1953-ல் நிறுத்தினார்கள். பீச் - தாம்பரம் மின்சார ரயில் 1931-ல் வந்தது. சோதனை ஓட்டத்தைத் தள்ளிவிட்டால், பேருந்துக்கு மட்டும் 2025 ஜூன் வரை காத்திருந்தோம். வியாசர்பாடி பணிமனையிலிருந்து முதலில் 120 வண்டிகள் கிளம்பின.

எங்கள் குடியிருப்பில் மூன்று மின்சாரக் கார்கள் இருக்கின்றன. ஓனர்கள் நல்ல மனிதர்கள், சுற்றுச்சூழல் அக்கறையும் உண்மைதான். ஆனால் காலையில் ஒருத்தர் ஆபீஸ் போக, மாலையில் திரும்பி வர, மிச்ச நேரமெல்லாம் அந்தப் பேட்டரி நிழலில் தூங்குகிறது. ஒரு காரில் 40 யூனிட் பிடிக்கிற பேட்டரி இருந்தால், அதை வைத்து ஐந்து ஆட்டோ ஓட்டலாம். அப்படி ஐந்தாறு காரின் பேட்டரியைச் சேர்த்தால் ஒரு பேருந்து. அதில் ஒரு நாளைக்கு எத்தனை நூறு பேர் ஏறி இறங்குவார்கள்! காருக்கும் சாலை வரி விலக்கு கொடுத்திருக்கிறோம், சரி. ஆனால் அது புகை விடாவிட்டாலும் அண்ணா சாலையில் அதே இடத்தைத்தான் அடைக்கிறது.

இன்னொன்று. சிக்னலில் நிற்கும்போது டீசல் வண்டி சும்மாவே எண்ணெய் குடிக்கும். மின் மோட்டார் நின்றால் நின்றதுதான். பிரேக் போடும்போது அதே மோட்டார் ஜெனரேட்டராக மாறி, கொஞ்சம் மின்சாரத்தைப் பேட்டரிக்கே திருப்பி அனுப்புகிறது. நிறுத்தத்துக்கு நிறுத்தம் நின்று போகிற வண்டிக்குத்தான் இதில் லாபம் அதிகம்.

"நிலக்கரி எரித்துத்தானே அந்தக் கரண்ட் வருகிறது?" என்று கமெண்ட் வரும். நியாயமான கேள்வி. அண்ணா சாலையில் குறைகிற புகை, அனல்மின் நிலையம் இருக்கிற எண்ணூரில் சாம்பலாக விழுந்தால் வடசென்னைக்காரர்களுக்கு என்ன மிச்சம்? ராத்திரி மட்டும் சார்ஜ் போட்டால் அந்த ஆபத்து இருக்கிறது. காலைக் கூட்டம் அடங்கிய பிறகு பணிமனைக்குத் திரும்புகிற வண்டிகளை, சூரிய மின்சாரம் கிடைக்கிற உச்சி வெயிலில் சார்ஜ் போட வேண்டும். ஆடிக்காற்றில் ஆரல்வாய்மொழிக் காற்றாலைகள் சுற்றுகிற மாதங்களில் இரவிலும் போடலாம். வண்டி வாங்குவதோடு இந்த நேரக் கணக்கையும் போட்டால்தான் அது சுத்தமான வண்டி.

எனக்கு அதிகம் உறுத்துவது ஆட்டோ. வழக்கமாக என்னை ஏற்றிப் போகும் அண்ணனிடம் மின்சார ஆட்டோ வாங்கலாமே என்றேன். "சார்ஜ் எங்க போடுறது தம்பி? வீட்டு ஓனர் ஃபேன் ஓடினாலே மீட்டரைப் பார்ப்பார்" என்றார். தினம் 8 யூனிட் என்றாலும் இரண்டு மாதத்தில் 400 தாண்டும். வீட்டுச் செலவும் சேர்ந்து 500-ஐத் தாண்டினால் கட்டண அடுக்கே மாறி யூனிட் விலை ஏறிவிடும். வாடகைக்கு இருப்பவர்கள் பலருக்கு இலவச 100 யூனிட்டும் கைக்கு வருவதில்லை, ஓனர் யூனிட்டுக்கு இவ்வளவு என்று ஒரே விலை போட்டு வாங்கிவிடுவார். வண்டி எவ்வளவு நல்லதாக இருந்தாலும் ஆட்டோ அண்ணனுக்குக் கட்டுப்படியாகாது.

காருக்குக் கொடுக்கிற சலுகையில் ஒரு பங்கை ஆட்டோ சார்ஜ் போடுகிற வசதிக்குத் திருப்பலாம். பெரும்பாக்கம் பணிமனையிலும் மின்சாரப் பேருந்துகள் வந்துவிட்டன. அதே பெரும்பாக்கத்தில்தான் நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியக் குடியிருப்பு வரிசை வரிசையாக நிற்கிறது, ஆட்டோ ஓட்டுகிறவர்கள் எத்தனையோ பேர் அங்கே இருக்கிறார்கள். பேருந்துக்காக இழுத்த மின் இணைப்பிலிருந்து, பணிமனைச் சுவருக்கு வெளியே ஆட்டோக்களுக்கென்று தனி மீட்டரோடு ஒரு பத்து சார்ஜிங் பாயின்ட் வைத்துப் பார்க்கட்டுமே.