மூன்றாம் மாடிக் கடைசி அறையிலிருந்து தொடங்குங்கள்

நேற்று இரவு பதினொன்றே காலுக்கு மகள் அழைத்தாள். பல்கலைக்கழக ஒப்படை சமர்ப்பிக்க நள்ளிரவு வரைதான் நேரம். கோப்பு முக்கால்வாசி ஏறி அப்படியே நின்றுவிட்டதாம். விடுதி அறையை விட்டு வெளியே வந்து, மாடிப்படி வளையும் இடத்தில் சுவரோடு ஒட்டி நின்று, மடிக்கணினியைக் கையில் தூக்கிப் பிடித்திருக்கிறாள். கீழ் மண்டபத்து வைஃபை அந்த ஓரிடத்தில்தான் கொஞ்சம் கிடைக்குமாம். அவளுக்கு முன்பே அங்கே நான்கு பிள்ளைகள் நிற்கிறார்கள். "அப்பா, என் தொலைபேசிக்கு ஒரு ரீலோட் போட்டுவிடுங்கள்" என்றாள். போட்டேன். பன்னிரண்டுக்கு ஆறு நிமிடம் இருக்கும்போது கோப்பு ஏறியது. அதற்குப் பிறகு எனக்குத் தூக்கம் வரவில்லை.

அவள் படிக்கும் இடத்தின் பெயரை எழுதப்போவதில்லை. தெரிந்தவர்களும் இங்கே எழுத வேண்டாம். ஓர் இடத்தின் பெயர் வந்துவிட்டால் பேச்சு முழுவதும் அந்த இடத்தைப் பற்றியதாகிவிடும். நான் சொல்ல வந்தது எல்லா இடத்துக்கும் பொருந்தும்.

எனக்கு ஊர் மட்டக்களப்புக் கல்லடி. இருபத்திரண்டு வருடமாக வலையமைப்புக் கேபிள் இழுப்பதுதான் தொழில். அலுவலகங்கள், பாசிக்குடா ஹோட்டல்கள், பாடசாலைக் கணினிக்கூடங்கள் என்று பல இடங்களில் கூரைக்கு மேல் ஏறியிருக்கிறேன். பல்கலைக்கழக வளாகத்தின் வைஃபையைப் புதுப்பிக்கப் போகிறார்கள் என்று எங்கே கேள்விப்பட்டாலும் மனம் மகிழ்கிறது. கூடவே ஒரு பயமும் வருகிறது. கூரையில் புது வைஃபைப் பெட்டி மாட்டினால் வேலை முடிந்துவிட்டது என்று நினைத்துவிடுவார்களோ என்ற பயம்.

முதலில் எங்கள் பக்கத்து நில அமைப்பைப் பாருங்கள். கிழக்குப் பல்கலைக்கழகம் 1981 இல் வந்தாறுமூலையில் பல்கலைக்கழகக் கல்லூரியாகத் தொடங்கி, 1986 இல் முழுப் பல்கலைக்கழகமானது. இன்று அது ஒரே வேலிக்குள் இல்லை. கல்லடியில் சுவாமி விபுலானந்த அழகியற் கற்கைகள் நிறுவகம் இருக்கிறது. மருத்துவம் படிப்பிக்கும் பீடம் மட்டக்களப்பு நகரை அண்டி இருக்கிறது. திருகோணமலை வளாகம் நூறு கிலோமீற்றருக்கும் அப்பால் கோணேசபுரியில். அம்பாறை மாவட்டத்தில் தென்கிழக்குப் பல்கலைக்கழகம் ஒலுவிலில் கடற்காற்றில் நிற்க, அதன் பிரயோக விஞ்ஞான பீடம் வயல்களுக்கு நடுவே சம்மாந்துறையில் இருக்கிறது. ஓரிடத்தில் மணல், ஓரிடத்தில் களி, ஓரிடத்தில் உப்புக்காற்று. கொழும்பு மாடிக் கட்டடமொன்றுக்குப் போட்ட திட்டத்தைப் பிரதி எடுத்து இங்கே விரித்தால் ஒரு மழைக்குக்கூடத் தாங்காது.

வைஃபை எப்படி வேலை செய்கிறது என்பதை எங்கள் ஊர்க்காரர்களுக்குப் புரியவைப்பது எளிது. பழைய கல்லடிப் பாலத்தை நினைத்துக்கொள்ளுங்கள். 2013 இல் புதுப் பாலம் திறக்கும்வரை அந்த ஒடுக்கப் பாலத்தில்தான் எல்லோரும் போனோம். இந்தப் பக்கத்து வாகனங்கள் போகும்போது அந்தப் பக்கத்து வாகனங்கள் காத்து நிற்கும். பாலத்தில் ஒரு மாட்டுவண்டி ஏறிவிட்டால், பின்னால் அம்புலன்ஸ் வந்தாலும் மாட்டின் வேகத்தில்தான் வர வேண்டும். வைஃபையின் ஓர் அலைவரிசையும் அப்படித்தான். ஒரே அலைவரிசையில் இருக்கும் கருவிகள் ஒன்று மாறி ஒன்றுதான் பேச முடியும். தூரத்தில் நின்று மெதுவாகப் பேசும் ஒரு பழைய தொலைபேசி, பக்கத்தில் நிற்கும் இருபது பேரின் நேரத்தையும் தின்றுவிடும். பலரும் பயன்படுத்தும் 2.4 கிகாஹெர்ட்ஸ் பட்டையில் ஒன்றை ஒன்று மிதிக்காத அலைவரிசைகள் மூன்றே மூன்றுதான்: 1, 6, 11. அதே பட்டையில் கண்டபடி பத்துப் பெட்டி மாட்டினால் பத்து மடங்கு வேகம் வராது. பத்தும் ஒன்றை ஒன்று கத்தி அடக்கும்.

5 கிகாஹெர்ட்ஸ் பட்டையில் அலைவரிசைகள் அதிகம், வேகமும் அதிகம். ஆனால் அது சீமெந்துச் சுவருக்குப் பயப்படும். எங்கள் விடுதிகளோ அறைக்கு அறை சுவர் வைத்துக் கட்டியவை. ஆகவே ஒரு மாடிக்கு ஒரு பெரிய பெட்டி என்ற கணக்கு சரிவராது. நடைபாதையின் நடுவில் ஒன்றை மாட்டிவிட்டு இருபது அறைக்கும் சிக்னல் போகும் என்று கையெழுத்துப் போடுவது பிழை. நாலைந்து அறைக்கு ஒரு சிறிய பெட்டி வேண்டும். ஒவ்வொரு பெட்டிக்கும் தனிக் கேபிள் வேண்டும். செலவு ஏறுவது அந்தக் கேபிளில்தான், செலவைக் குறைக்கக் கைவைப்பதும் அங்கேதான்.

கேபிளைப் பற்றிக் கொஞ்சம் விரிவாக எழுத வேண்டும், ஏனென்றால் என் வாழ்க்கையே அதுதான். செப்புக் கேபிள் ஒரே இழுவையில் 100 மீற்றர் வரைக்கும்தான். அதற்கு மேல் நம்ப முடியாது. பரந்த வளாகத்தில் ஒரு கட்டடத்துக்கும் அடுத்த கட்டடத்துக்கும் இடையே ஃபைபர்தான் போட வேண்டும். தூரம் மட்டும் காரணமில்லை. இங்கே சித்திரையிலும் ஐப்பசியிலும் இடி இறங்கும் விதம் உங்களுக்குத் தெரியும். கட்டடங்களுக்கிடையே செப்புக் கம்பி போயிருந்தால், எங்கேயோ விழுந்த மின்னல் அந்தக் கம்பி வழியாக வந்து இரண்டு பக்கத்துச் சுவிட்சையும் (பல கேபிள்களை ஒன்றிணைக்கும் கருவி) எரித்துவிடும். ஒரே இரவில் பதினொரு சுவிட்சுகள் கருகிப்போன இடத்தை நான் பார்த்திருக்கிறேன். ஃபைபர் கண்ணாடி இழை. அது மின்சாரத்தைக் கடத்தாது. சரியாகப் போட்டால் அந்த வழியாக மின்னல் வராது.

அடுத்தது கேபிளின் தரம். செப்புப் பூசிய அலுமினியக் கம்பியைச் செப்பு என்று சொல்லி விற்கிறார்கள். வெளியே பார்த்தால் வித்தியாசம் தெரியாது. நுனியைச் சுரண்டினால் வெள்ளை தெரியும். அலுமினியத்தின் மின்தடை செப்பைவிட ஒன்றரை மடங்குக்கு மேல். தரவு மட்டும் போகும் கேபிள் என்றால் சில காலம் சமாளிக்கும். இன்றைய வைஃபைப் பெட்டிகளுக்கு மின்சாரமும் அதே கேபிளில்தான் போகிறது. 2003 இல் வந்த தரத்தில் சுவிட்சின் ஒரு துளை 15.4 வாட் தந்தது, 2009 இல் வந்த தரத்தில் 30 வாட். புதிய பெட்டிகள் பலவற்றுக்கு இரண்டாவதுதான் வேண்டும். பழைய சுவிட்சிலோ மட்டமான கேபிளிலோ மாட்டினால் பெட்டி இயங்கும், விளக்கும் தெரியும், ஆனால் அரைப் பலத்தில் கிடக்கும். பிறகு "புதுசு போட்டும் பழையது போலத்தான் இருக்கிறது" என்று பிள்ளைகள் சொல்வார்கள். அந்தப் பிள்ளைகள் சொல்வது உண்மையாகத்தான் இருக்கும்.

உப்பைப் பற்றியும் சொல்ல வேண்டும். கடற்கரையோரத்தில் நாலு வருடம் இருந்த கேபிள் முனையைக் கழற்றிப் பாருங்கள், உள்ளே தகட்டில் பச்சைக் களிம்பு பூத்திருக்கும். கல்லடியிலும் ஒலுவிலிலும் வெளிச்சுவரில் மாட்டும் எதற்கும் மூடிய உறை வேண்டும். வருடத்துக்கு ஒருமுறை ஆள் ஏறிப் பார்க்க வேண்டும்.

இனி விடுதிக்கு வருகிறேன். இந்தப் பதிவை எழுதியதே அதற்காகத்தான்.

வலையமைப்பு வேலைகளில் நான் பார்த்த ஒழுங்கு எப்போதும் ஒன்றுதான். நிர்வாகக் கட்டடம் முதலில். பிறகு கூட்ட மண்டபம். பிறகு விரிவுரை மண்டபங்கள், நூலகம். விடுதி என்று வரும்போது பணம் தீர்ந்திருக்கும், "இரண்டாம் கட்டத்தில் பார்ப்போம்" என்பார்கள். நிர்வாகக் கட்டடம் பின்னேரம் பூட்டப்படுகிறது. பிள்ளை படிப்பதோ இரவு எட்டு மணிக்குப் பிறகு. அந்த நேரத்தில் அவள் எங்கே இருக்கிறாளோ அங்கேதான் இணைப்பு இருக்க வேண்டும்.

அதிலும் பெண்கள் விடுதியை எல்லாவற்றுக்கும் முன்னால் வையுங்கள். ஆண் பிள்ளைகள் சிக்னல் இல்லாவிட்டால் இரவு ஒன்பது மணிக்கும் சந்திக்குப் போய்விடுவார்கள், ஒரு தேநீர்க்கடையில் உட்கார்ந்தாவது அனுப்பிவிடுவார்கள். பெண் பிள்ளைகளுக்கு இருட்டுவதற்குள் கேற் பூட்டப்படுகிறது. அது பாதுகாப்புக்காக என்பது எனக்குப் புரிகிறது, நானும் ஒரு பெண் பிள்ளையின் தகப்பன். ஆனால் கேற்றைப் பூட்டுகிறவர்களுக்கு ஒரு கடமை இருக்கிறது: பூட்டிய கேற்றுக்கு உள்ளே படிப்பதற்கு வேண்டிய எல்லாம் இருக்க வேண்டும். அது இல்லாமல் பூட்டுவது அந்தப் பிள்ளையின் படிப்பையும் சேர்த்துப் பூட்டுவது.

"கொடுத்தால் படம் பார்ப்பார்கள், அவ்வளவுதான்" என்று என்னிடம் ஒரு பெரியவர் சொன்னார். இதைக் கேட்கும் ஒவ்வொரு முறையும் எனக்குக் கோபம் வருகிறது. என் மகள் உயர்தரம் வரை தமிழில் படித்தவள். முதலாம் வருடத்தில் திடீரென்று எல்லா விரிவுரையும் ஆங்கிலம். பகலில் விரிவுரையில் பாதிதான் விளங்கும். இரவில் அதே பாடத்தைத் தமிழில் யாராவது விளக்கும் காணொளியைத் தேடிப் பார்ப்பாள், நிறுத்தி நிறுத்திப் பார்ப்பாள், குறிப்பு எடுப்பாள். படுவான்கரையிலிருந்து வந்த அவளுடைய அறைத்தோழியும் அப்படித்தான். அந்தப் பிள்ளையின் தகப்பன் கூலிக்கு வயல் செய்பவர். மகாபொலப் புலமைப்பரிசுக் காசில் ஒரு பங்கு டேட்டாவுக்கே போகிறது. எங்கள் பிள்ளைகளுக்குக் காணொளி என்பது இரண்டாவது ஆசிரியர். அப்படியே ஒருவன் பரீட்சை முடிந்த இரவில் ஒரு படம் பார்த்தால்தான் என்ன? விடுதி அவனுக்கு நாலு வருட வீடு.

2020 இல் கொரோனா வந்து பல்கலைக்கழகங்கள் மூடப்பட்டபோது, லேர்ன் என்ற கல்வி வலையமைப்பு வழியாகச் சூம் விரிவுரைகள் நடந்தன. பல்கலைக்கழகத் தளங்களுக்குப் போகும் டேட்டாவைத் தொலைபேசி நிறுவனங்கள் கட்டணமில்லாமல் தந்தன. நாடே முடங்கியிருந்த நேரத்தில் நடந்த நல்ல வேலை அது. பல்கலைக்கழகங்களை ஒன்றோடொன்று இணைப்பதும் அந்த லேர்ன்தான். எடுரோம் என்ற ஏற்பாட்டை இலங்கையில் நடத்துவதும் அதுதான்: தன் பல்கலைக்கழகம் தந்த ஒரே கணக்கை வைத்துக்கொண்டு, அதில் சேர்ந்த வேறொரு பல்கலைக்கழகத்திலும் இணையலாம், வெளிநாட்டிலும் இணையலாம். பல துண்டுகளாகக் கிடக்கும் எங்கள் பக்கத்து வளாகங்களுக்கு இதைவிடப் பொருத்தமானது வேறு இல்லை. கல்லடியில் படிப்பவர் வந்தாறுமூலை நூலகத்துக்குப் போனால், அங்கே யாரிடமும் கடவுச்சொல் கேட்டு நிற்கக் கூடாது. சுவரில் எழுதி ஒட்டிய பொதுக் கடவுச்சொல்லும் எனக்குப் பிடிக்காது. அது ஒரு வாரத்தில் ஊருக்கே தெரிந்துவிடும், பிறகு யார் என்ன செய்தார்கள் என்பதும் தெரியாது. ஆளுக்கொரு கணக்கு கொடுங்கள்.

லேர்ன் கொண்டுவருவது வளாகத்தின் வாசல் வரைக்கும்தான். வாசலிலிருந்து பிள்ளையின் மேசை வரையான வழி முழுக்க அந்தந்தப் பல்கலைக்கழகத்தின் பொறுப்பு.

மின்சாரம் இல்லாமல் இதில் ஒன்றும் இல்லை. 2022 இல் பதின்மூன்று மணி நேர மின்வெட்டைப் பார்த்தோம். அந்தளவு இனி வராமல் இருக்கட்டும், ஆனாலும் மாரியில் ஒரு மரக்கொப்பு விழுந்தால் போதும். ஒவ்வொரு சுவிட்சுக்கும் யூபிஎஸ் வேண்டும், அதன் பற்றரியை மூன்று வருடத்துக்கு ஒருமுறையாவது மாற்றப் பணம் வேண்டும். பணம் சிக்குவது இங்கேதான். புதிதாக வாங்குவது மூலதனச் செலவு. பற்றரி மாற்றுவது, கேபிள் திருத்துவது, ஆளுக்குச் சம்பளம் கொடுப்பது எல்லாம் மீண்டெழும் செலவு. முதலாவதுக்கு நிதி வரும், திறப்பு விழாவும் நடக்கும். இரண்டாவதுக்கு ஒவ்வொரு வருடமும் மன்றாட வேண்டும். ஐந்து கட்டடத்துக்கு ஒரு தொழில்நுட்ப உதவியாளர் என்று விட்டால், அந்தத் தம்பி காலையிலிருந்து இரவுவரை ஓடி ஓடித் தேய்ந்துபோவார். அப்படித் தேய்ந்த ஒருவரை எனக்குத் தெரியும். திறமைசாலி, இப்போது கட்டாரில் இருக்கிறார். விலைமனுக் கோரும்போதே ஐந்து வருடப் பராமரிப்பையும், உள்ளேயே இருக்கும் இரண்டு பேரையும் சேர்த்துக் கணக்குப் போடுங்கள். பெட்டிகளின் எண்ணிக்கையைக் குறைக்க வேண்டி வந்தால் குறையுங்கள்.

திட்டம் போடுகிறவர்களிடம் ஒரு வேண்டுகோள். வரைபடத்தை எடுத்துக்கொண்டு, பெண்கள் விடுதிப் பொறுப்பாளரிடம் அனுமதி பெற்று, ஒரு பெண் உத்தியோகத்தரை இரவு ஒன்பது மணிக்கு அங்கே அனுப்புங்கள். மூன்றாம் மாடியின் கடைசி அறைக்குப் போய்த் தொலைபேசியைத் திறந்து எத்தனை கோடு தெரிகிறது என்று அவர் பார்க்கட்டும். அந்த அறையில் இருக்கும் பிள்ளையிடம் போன வாரம் எங்கே போய் ஒப்படை அனுப்பினாய் என்று கேட்கட்டும். வேலையை அங்கிருந்து தொடங்கி வாசலை நோக்கி வாருங்கள். கேபிள் குழிக்கு ஆள் வேண்டுமென்றால், விடுதிக் கட்டடம் ஒன்றுக்கு நானும் என் இரண்டு பையன்களும் கூலி இல்லாமல் வருகிறோம். இதைப் பகிரங்கமாகவே எழுதுகிறேன்.

இப்போது கச்சான் காற்று அடிக்கிறது, நிலம் காய்ந்து கிடக்கிறது. ஃபைபருக்குக் குழி வெட்ட நல்ல காலம் இதுதான். ஐப்பசி பிறந்துவிட்டால் வெட்டிய குழியில் தண்ணீர்தான் நிற்கும், பிறகு தை வரைக்கும் மண்வெட்டி வைக்க முடியாது. மகளுக்கு அடுத்த ஒப்படை கார்த்திகையில்.