பயிற்சி முடிந்த மறுநாள்

மலேசியாவின் கெடா மாநிலத்தில், பாடாங் செராய் வட்டாரத்துத் தோட்டத் தமிழ்ப்பள்ளி ஒன்றில் இருபத்திரண்டு ஆண்டுகளாகப் படித்துக் கொடுக்கிறேன். இந்தக் காலத்தில் நான் சென்று வந்த பயிற்சிகளின் சான்றிதழ்கள் ஒரு கோப்பை நிறைத்துவிட்டு இரண்டாவது கோப்பிற்கு வந்துவிட்டன. அரசு ஊழியர்கள் ஆண்டுக்குக் குறைந்தது 7 நாள் பயிற்சி பெற வேண்டும் என்ற கொள்கை 2005-ஆம் ஆண்டிலிருந்து இருப்பதால், கோப்பு நிறைவதில் வியப்பொன்றும் இல்லை. ஆசிரியர்களுக்கு வட்டாரந்தோறும் ஒரு பயிற்சிக் கழகம் வேண்டும் என்ற பேச்சு எழும்போதெல்லாம் நான் அதை ஆதரித்தே பேசி வருகிறேன். ஆனால் நான் கேட்கும் கழகம் வேறு, பெரும்பாலோர் மனத்தில் இருக்கும் கழகம் வேறு என்பதால் இதைச் சற்று விரிவாக எழுத வேண்டியிருக்கிறது.

கட்டடங்களுக்குக் குறைவில்லை. எங்கள் ஊரிலிருந்து ஒன்றரை மணி நேரப் பயணத்திற்குள்ளேயே மூன்று இருக்கின்றன. சுங்கை பட்டாணியில் ஆசிரியர் பயிற்சிக் கழகத்தின் சுல்தான் அப்துல் ஹலிம் வளாகம் உள்ளது. நாடு முழுவதும் உள்ள 27 வளாகங்களில் அதுவும் ஒன்று, புதிய ஆசிரியர்களை உருவாக்குவதே அதன் முதற்பணி. ஜித்ராவில் அமினுடின் பாக்கி கழகத்தின் வட பகுதிக் கிளை உள்ளது. 1979-இல் தொடங்கப்பட்ட அந்தக் கழகம் தலைமையாசிரியர்களையும் கல்வி நிர்வாகிகளையும் பயிற்றுவிப்பதற்காக ஏற்பட்டது. பினாங்குப் பாலத்தைக் கடந்தால் குளுகோரில் ரெக்சாம் இருக்கிறது; அறிவியலுக்கும் கணிதத்திற்குமாக 1967-இல் தென்கிழக்காசிய நாடுகள் சேர்ந்து அமைத்த மையம் அது. மூன்றும் தத்தம் வேலையைச் செய்கின்றன. மூன்றாம் ஆண்டில் நான்கு பிள்ளைகளையும் நான்காம் ஆண்டில் ஐந்து பிள்ளைகளையும் ஒரே அறையில் வைத்துக்கொண்டு, கரும்பலகையின் நடுவே கோடு கிழித்து இரண்டு பாடம் நடத்தும் என்னைப் போன்றவருக்கு, இந்த மூன்றில் எந்தக் கதவைத் தட்டுவது என்பதுதான் தெரிவதில்லை.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு தங்கும் விடுதியில் மூன்று நாள் பயிற்சிக்குச் சென்றிருந்தேன். குழுமுறைக் கற்றலைப் பற்றியது அது. ஏற்பாட்டில் குறை சொல்ல முடியாது. சாப்பாடும் நன்றாகவே இருந்தது. ஆறு பேர் கொண்ட ஐந்து குழுக்களாக வகுப்பைப் பிரிக்கும்படி பயிற்றுநர் விளக்கினார். என் வகுப்பில் மொத்தமே ஒன்பது பேர், அதிலும் இரண்டு ஆண்டுப் பிள்ளைகள் என்றேன். அவர் ஒரு கணம் யோசித்துவிட்டு, "ஆசிரியர் தங்கள் சூழலுக்கேற்ப மாற்றிக்கொள்ளலாம்" என்று சொல்லி அடுத்த பவர்பாயிண்ட் பக்கத்திற்குப் போய்விட்டார். மாற்றிக்கொள்வது எப்படி என்பதைத் தெரிந்துகொள்ளத்தானே நான் அங்கே போனேன்? மூன்று நாளும் நான் பள்ளியில் இல்லாததால் என் வகுப்பு இன்னோர் ஆசிரியரிடம் போய்ச் சேர்ந்தது. ஏற்கெனவே இரண்டு ஆண்டு வகுப்புகளைக் கவனித்து வந்த அவர் அந்த மூன்று நாளும் நான்கு ஆண்டு வகுப்புகளைக் கவனித்தார்.

என்னை உண்மையில் மாற்றிய பயிற்சிக்குச் சான்றிதழே இல்லை. ஓய்வு பெற்ற விரிவுரையாளர் ஒருவர், எங்கள் தலைமையாசிரியரின் பழைய நண்பர், ஒரு செவ்வாய்க்கிழமை காலை வந்து என் வகுப்பின் கடைசி நாற்காலியில் உட்கார்ந்தார். பாடம் முடிந்ததும் அறிவுரை எதுவும் சொல்லாமல் ஒரு தாளை நீட்டினார். அதில் நான் கேட்ட கேள்விகள் வரிசையாக இருந்தன. ஒவ்வொன்றின் எதிரிலும், கேள்வியைக் கேட்டுவிட்டு நான் எத்தனை நொடி பொறுத்தேன் என்று எழுதியிருந்தார். ஒன்று, ஒன்று, இரண்டு, ஒன்று. விடை வராத இடங்களில் நானே விடையைச் சொல்லியிருந்தேன். "டீச்சர், பிள்ளை வாயைத் திறக்கறதுக்குள்ள நீங்களே பதிலச் சொல்லிடுறீங்க" என்றார். மேரி பட் ரோ என்ற அமெரிக்க ஆய்வாளர் 1970-களிலேயே இதை அளந்து காட்டியிருக்கிறார் என்பது அப்போதுதான் எனக்குத் தெரிந்தது: பெரும்பாலான ஆசிரியர்கள் ஒரு நொடியளவே பொறுக்கிறார்கள், மூன்று நொடி பொறுத்தால் பிள்ளைகளின் விடைகள் நீள்கின்றன, வழக்கமாகப் பேசாத பிள்ளைகளும் பேசத் தொடங்குகிறார்கள். இரண்டு வாரம் கழித்து அவர் மீண்டும் வந்து அதே நாற்காலியில் உட்கார்ந்தார். அந்த இரண்டு வாரமும் நான் மனத்துக்குள் மூன்று வரை எண்ணிக்கொண்டே பாடம் நடத்தினேன் என்றால், அவர் திரும்பி வருவார் என்பதே அதற்குக் காரணம்.

பயிற்சியின் பயன் இந்தத் திரும்பி வருதலில்தான் இருக்கிறது. புரூஸ் ஜாய்ஸ், பெவர்லி ஷவர்ஸ் ஆகிய இருவரும் 1980-இல் எழுதியதும் இதைத்தான்: விளக்கம், செய்துகாட்டல், பயிற்சி, பின்னூட்டம் ஆகியவற்றோடு வகுப்பறைக்குள் வந்து துணைநிற்கும் வழிகாட்டலும் சேர்ந்தால்தான் கற்றது வகுப்பில் நிலைக்கும். நம் கல்வி அமைச்சுக்கும் இது புதிய செய்தி அன்று. 2013 முதல் 2025 வரையிலான கல்விப் பெருந்திட்டத்தின் கீழ், மாவட்டக் கல்வி இலாகாக்களில் பள்ளிகளுக்கு நேரில் சென்று வழிகாட்டும் பயிற்றுநர்களை நியமித்தார்கள். அந்த மாவட்ட மாற்றத் திட்டம் முதலில் நடைமுறைக்கு வந்த இரண்டு மாநிலங்களில் எங்கள் கெடாவும் ஒன்று. நல்ல ஏற்பாடு. ஆனால் தொடக்கத்தில் மலாய், ஆங்கிலம், கணிதம் ஆகிய மூன்று பாடங்களுக்கே பயிற்றுநர்கள் இருந்தார்கள். தமிழ்ப்பள்ளியில் கணிதம் தமிழில் நடக்கிறது. தமிழ் அறியாத ஒருவர் என் கணித வகுப்பில் உட்கார்ந்தால் கரும்பலகையைப் பார்ப்பார், பிள்ளைகளின் பயிற்சிப் புத்தகத்தைப் பார்ப்பார். "மிச்சம்" என்ற சொல்லுக்கும் "மீதி" என்ற சொல்லுக்கும் நடுவில் ஒரு பிள்ளை தடுமாறுவதை அவர் எப்படிக் கேட்பார்? அவர் மேல் எந்தக் குற்றமும் இல்லை.

ஆகவே நான் கேட்பது இதுதான். வட மாநிலங்களின் தமிழ்ப்பள்ளிகளுக்கென ஒரு சிறிய வட்டாரக் கழகம் வேண்டும். தமிழில் பாடம் நடத்தத் தெரிந்த, இரண்டு ஆண்டுப் பிள்ளைகளை ஒன்றாக வைக்கும் கூட்டு வகுப்பில் நின்று பழகிய ஆறேழு பேர் அதில் இருந்தால் போதும். வாரத்தில் நான்கு நாள் அவர்கள் பள்ளிகளில் இருக்க வேண்டும். சிங்கப்பூரில் ஆசிரியர்களுக்கான கழகம் 2010-இலிருந்து இயங்குகிறது. தமிழாசிரியர்களின் பணித்திறனுக்கு உமறுப் புலவர் தமிழ் மொழி மையமும் இருக்கிறது. சிங்கப்பூர் ஒரு சிறு தீவு, எந்தப் பள்ளியிலிருந்தும் மாலையில் போய்த் திரும்பிவிடலாம். ஐந்நூற்றுக்கு மேற்பட்ட தமிழ்ப்பள்ளிகள் செம்பனைக்கும் பால்மரத்துக்கும் நடுவே சிதறிக் கிடக்கும் நம் நாட்டில், கழகம்தான் ஆசிரியரைத் தேடிப் போக வேண்டியிருக்கும்.

இயங்கலையில் எல்லாம் கிடைக்கும்போது இது எதற்கு என்று கேட்பவர்கள் உண்டு. காணொளி என் வகுப்பின் கடைசி நாற்காலியில் வந்து உட்காராது. இன்னொரு கழகம் வந்தால் இன்னும் பத்துப் படிவங்கள் வரும் என்று அஞ்சும் நண்பர்களுக்கு என்னிடம் பதில் இல்லை. அந்த அச்சம் எனக்கும் உண்டு.

2027-இல் முதலாம் ஆண்டில் புதிய கலைத்திட்டம் தொடங்கவிருக்கிறது. 2011-இல் கே.எஸ்.எஸ்.ஆர். என்ற தொடக்கப்பள்ளிக் கலைத்திட்டம் வந்தபோது முதன்மைப் பயிற்றுநர் மாநிலத்துக்குச் சொல்ல, மாநிலம் மாவட்டத்துக்குச் சொல்ல, மாவட்டம் பள்ளிக்கு ஒருவரை அழைத்துச் சொல்ல, அந்த ஒருவர் மதிய உணவுக்குப் பின் ஆசிரியர் அறையில் எங்களுக்கு அரை மணி நேரம் சொன்னார். இந்த முறை எப்படி என்று தெரியவில்லை. சென்ற வாரம் புலனக் (வாட்ஸ்அப்) குழுவில் ஒரு பயிற்சிக்கான அழைப்பு வந்தது. சனியும் ஞாயிறும், பினாங்கில். கெடாவில் வெள்ளியும் சனியும்தான் விடுமுறை, ஞாயிற்றுக்கிழமை எங்களுக்குப் பள்ளி நாள் என்பதை ஏற்பாட்டாளர்களுக்கு எழுதித் தெரிவித்திருக்கிறேன்.