தேதி கேட்காதீர்கள்

"பிரதர், நீங்க இரட்சிக்கப்பட்ட தேதி என்ன?" போன வாரம் ஒரு வீட்டு ஜெபக்கூட்டத்தில் கேட்டார்கள். இயேசுவை ஏற்றுக்கொண்டு வாழ்க்கை மாறிய நாளைத்தான் அப்படிக் கேட்பார்கள். பக்கத்தில் இருந்தவர் தன் தேதியைக் கிழமையோடு சொல்லி முடித்திருந்தார். அடுத்து என் முறை. சிரித்து மழுப்பிவிட்டேன். வீடு வரும்வரை எரிச்சல் அடங்கவில்லை, அதான் இந்தப் பதிவு.

சாட்சி சொல்வதற்கென்று, அதாவது தான் மாறிய கதையை எல்லார் முன்னும் சொல்வதற்கென்று, நம் சபைகளில் ஒரு அச்சு இருக்கிறது. குடி, கடன், வியாதி, ஒரு ராத்திரி, ஒரு வெளிச்சம், மறுநாளிலிருந்து எல்லாம் சரி. இதற்கு எல்லாரும் கூட்டி வருவது, சாமியார் உடையில் ஊர் ஊராகப் போய் இயேசுவைப் பற்றிப் பேசிய சாது சுந்தர் சிங்கை. 1904 டிசம்பர், பஞ்சாபில் ராம்பூர் கிராமம். விடிவதற்குள் கடவுள் தன்னைக் காட்டாவிட்டால் ரயில் முன் விழுந்துவிடுவது என்று ஜெபத்தில் உட்கார்ந்த 15 வயது சீக்கியப் பையன், அறைக்குள் வந்த வெளிச்சத்தில் இயேசுவைக் கண்டான். நம்புகிறேன். ஆனால் மேடையில் பேசுகிறவர்கள் ஒரே ஓட்டமாக வெளிச்சத்துக்குப் போய்விடுகிறார்கள். அவன் அம்மாவைப் பறிகொடுத்த பிள்ளை. மூன்று நாள் முன்புதான் சுவிசேஷத்தைத் தீயில் போட்டு எரித்திருந்தான். வெளிச்சத்துக்குப் பிறகும் எல்லாம் சரியாகிவிடவில்லை, வீட்டைவிட்டுத் துரத்தினார்கள்.

என் தம்பி பைக்கில் போய் லாரியில் அடிபட்டு இறந்தான். துக்கம் கேட்க வந்தவர்கள் 'தேவசித்தம்' என்றார்கள். 'கர்த்தர் நல்ல பூவாப் பார்த்துப் பறிச்சிக்கிட்டார்' என்று ஒருவர் சொன்னபோது எழுந்து கொல்லைப்பக்கம் போய்விட்டேன். கோயிலுக்குப் போவதையும் நிறுத்தினேன். அம்மா ஒரு வார்த்தை சொல்லவில்லை.

எட்டு மாசம் கழித்து ஒரு ராத்திரி, அடுப்படியில் பைபிளை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். கண்ணில் புரை ஆபரேஷன் முடிந்த சமயம். "ஏய்யா, எழுத்து தெரிய மாட்டேங்கு, நீ வாசி" என்றாள். யோவான் 11-ம் அதிகாரம். லாசரு செத்து நாலு நாள் கழித்து இயேசு வருகிறார். லாசருவின் சகோதரி மார்த்தாள் எதிரே போய்ச் சொல்கிறாள்: "ஆண்டவரே, நீர் இங்கேயிருந்தீரானால் என் சகோதரன் மரிக்கமாட்டான்."

எட்டு மாசமாக நான் மென்று விழுங்கிக்கொண்டிருந்த வாக்கியம். அப்புறம் இன்னொரு சகோதரி மரியாளும் வந்து அதையே சொல்கிறாள். மார்த்தாளுக்கு உயிர்த்தெழுதலைப் பற்றிப் பதில் சொன்னவர், மரியாளுக்கு ஒரு விளக்கமும் தரவில்லை. 'அவனை எங்கே வைத்தீர்கள்' என்று மட்டும் கேட்கிறார். 35-ம் வசனம்: "இயேசு கண்ணீர் விட்டார்." இன்னும் கொஞ்ச நேரத்தில் லாசருவை எழுப்பப்போகிறவர் அழுகிறார்.

அதற்குமேல் வாசிக்க முடியவில்லை. வெளிச்சமும் வரவில்லை, குரலும் கேட்கவில்லை. சுண்டவத்தல் குழம்பு தீய்கிற வாசனைதான் வந்தது. ஆனால் அம்மா பக்கத்தில் இருப்பது எப்படித் தெரிந்ததோ, அப்படியே இன்னொருவர் இருப்பதும் தெரிந்தது. மனப்பிரமை என்பான் என் நண்பன். அவனோடு நான் சண்டைக்குப் போவதில்லை.

துக்கம் குறைந்ததா என்றால், இல்லை. தனியாகத் தூக்க வேண்டியதில்லை என்றானது. எனக்குக் கிடைத்த ஆறுதல் அவ்வளவுதான், அது போதுமாக இருந்தது.

இரட்சிப்பு என்றால் பரலோகத்துக்கு டிக்கெட் மட்டும் என்று என்னால் பேச முடியவில்லை. பரலோகத்தையும் விசுவாசிக்கிறேன். ஆனால் அந்த லாரி டிரைவரை என்ன செய்யலாம் என்று ராத்திரி ராத்திரி கணக்குப் போட்டவன் நான். அடுப்படி ராத்திரிக்குப் பிறகும் அந்தக் கணக்கு ஓடிக்கொண்டுதான் இருந்தது. என்றைக்கு நின்றது என்று கவனிக்கவில்லை.

வழக்குக்காக ஒருநாள் கோர்ட்டுக்குப் போயிருந்தேன். வெளியே வேப்பமரத்தடியில் அவன் பொட்டலத்தைப் பிரித்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தான். என்னைவிட வயதில் சின்னவன். நான் யாரென்று அவனுக்குத் தெரியாது. விக்கல் எடுத்து, "அண்ணே, தண்ணி இருக்கா?" என்றான். பாட்டிலை நீட்டினேன். பாதி குடித்துவிட்டு, வாய் வைத்த இடத்தைச் சட்டையால் துடைத்துத் திருப்பிக் கொடுத்தான். பஸ் ஏறி, ஊர் தாண்டி, தாகமெடுத்து மூடியைத் திறந்தபோதுதான் யாருக்குக் கொடுத்தேன் என்று உறைத்தது. மீதியைக் குடித்தேன்.