சுவர்னு சொல்லி எங்க தலையில கட்டின பலகை

"கொஞ்சம் மெதுவா பேசியிருக்கலாமே மேடம்."

இதை என் மூஞ்சிக்கு நேரா சொன்னது அந்த ஹாலோட மேனேஜர். கிருஷ்ணகிரி பைபாஸ் ஓரத்துல புதுசா கட்டி, வாசல்ல 'பிசினஸ் சென்டர்'னு ஆளுயரத்துக்கு எழுதி வச்சு, வாடகைக்கு மேல 18 சதவீதம் ஜிஎஸ்டியும் வாங்கிக்கிட்ட ஹால். காசு கட்டி ரூம் எடுத்தது நாங்க. கதவைச் சாத்திக்கிட்டு பேசினது நாங்க. பேச்சு வெளியில போனதுக்கும் நாங்களே குத்தவாளியா? அன்னைக்கு ராத்திரி பொட்டுத் தூக்கம் இல்ல. இன்னும் வயிறு எரியுது.

நீங்களும் இந்த மாதிரி ஹால்ல உட்கார்ந்து அவஸ்தைப்பட்டிருப்பீங்க. ஒரு பெரிய கூடம், நடுவுல தண்டவாளத்துல ஓடுற மடக்குத் தடுப்பு. இழுத்தா ரெண்டு ரூம், தள்ளினா ஒரே ஹால். "எப்படி வேணும்னாலும் மாத்திக்கலாம் மேடம், காலையில மீட்டிங், சாயங்காலம் ரிசப்ஷன், எல்லாம் இங்கயே"ன்னு புக்கிங் பண்றப்போ பெருமையா சொன்னாங்க. மாத்திக்கலாம் சரி. மாத்தினதுக்கு அப்புறம் அது ரூமா இருக்கா? அதை யாராவது ஒருத்தர் உள்ளே உட்கார்ந்து பார்த்தாங்களா?

எங்களது மா விவசாயிங்க சேர்ந்து நடத்துற உற்பத்தியாளர் கம்பெனி. அன்னைக்கு டைரக்டருங்க மட்டும் உட்கார்ந்து, இந்த சீசன்ல பெங்களூரா ரக மாங்காய் டன்னுக்கு என்ன ரேட் கேக்கிறது, கடைசியா எது வரைக்கும் இறங்கிறதுன்னு முடிவு பண்ணணும். அதுக்கப்புறம்தான் மாம்பழக் கூழ் தயாரிக்கிற பேக்டரி ஆளுங்களை உள்ளே கூப்பிட்டு பேரம். பெங்களூரா தோப்பு வச்சிருக்கறவங்களுக்கு இதோட கனம் தெரியும். அந்தக் காயில பெரும்பகுதி கூழுக்குத்தான் போகுது. பேக்டரி சொல்றதுதான் ரேட். பறிச்ச காய் நமக்காகக் காத்துக்கிட்டு நிக்காது. 2025 சீசன்ல என்ன பாடுபட்டோம்னு ஊருக்கே தெரியும். பக்கத்து ஆந்திராவுல பேக்டரி கிலோவுக்கு 8 ரூபா, அரசாங்கம் 4 ரூபா, ஆக 12 ரூபான்னு அறிவிச்சாங்க. இங்க நாம ரோட்டுல நின்னு கத்திக்கிட்டிருந்தோம். அந்த வலியோட வந்து உட்கார்ந்தவங்க இவங்க.

எங்க டைரக்டருங்கள்ல ஒரு பெரியப்பா இருக்கார். எழுபது தாண்டிடுச்சு, காது மந்தம். தோப்பைப் பத்தி அவருக்குத் தெரிஞ்சதுல கால்வாசி எங்க யாருக்கும் தெரியாது. அவர் சொல்லாம எந்த ரேட்டும் முடிவாகாது. கணக்கு எழுதிக்கிட்டிருந்த தம்பி மெல்ல ஒரு ரேட்டைச் சொன்னான். "எவ்வளவு?"ன்னார் பெரியப்பா. தம்பி கொஞ்சம் சத்தமா சொன்னான். "எவ்வளவுடா?" இன்னும் சத்தமா சொன்னான். பெரியப்பா தலையாட்டிட்டு, காது கேக்காதவங்க பேசுற அந்தக் குரல்ல, நிதானமா, ஒவ்வொரு வார்த்தையா சொன்னார்: "சரி, அதைக் கேளு. முரண்டு பிடிச்சாங்கன்னா இந்த ரேட்டு வரைக்கும் இறங்கு. ஆனா இதை மொதல்ல சொல்லிடாதே." இறங்கவேண்டிய ரேட்டையும் சொல்லிட்டார். அதை ரெண்டு தரம் சொன்னார், எல்லாருக்கும் விளங்கணும்னு. பொறுப்பான மனுஷன் அப்படித்தானே செய்வார்?

தடுப்புக்கு அந்தப் பக்கம் என்ன இருந்துச்சுன்னு அப்போ எங்களுக்குத் தெரியாது. அந்தப் பாதியை அன்னைக்கு வெயிட்டிங் ஹாலா மாத்திட்டாங்க. தடுப்பை ஒட்டியே சோபா வரிசை, ஓரமா டீ மெஷின். அதுல உட்கார்ந்து டீ குடிச்சிக்கிட்டிருந்தவங்க கூழ் பேக்டரி ஆளுங்க. நாங்க கூப்பிட்டு அனுப்பின அதே ஆளுங்க.

உள்ளே வந்தாங்க. வணக்கம் சொன்னாங்க. பெரியப்பாவைப் பார்த்து ஒருத்தர் சிரிச்சார். வழக்கமா இந்தப் பேரம் எப்படி நடக்கும்? போன வருஷ ஸ்டாக் தேங்கிக் கிடக்குதும்பாங்க, எக்ஸ்போர்ட் ஆர்டர் இல்லம்பாங்க, டின் விலை ஏறிடுச்சும்பாங்க, அடிமாட்டு விலையில ஆரம்பிப்பாங்க, நாம கோவிச்சுக்கிட்டு எழுந்திரிப்போம், திரும்ப உட்கார வைப்பாங்க. அன்னைக்கு அது எதுவுமே இல்ல. பையைத் திறக்கல, கால்குலேட்டரை எடுக்கல. நேரா ஒரு ரேட்டைச் சொன்னார். மொதல்ல சொல்லிடாதேன்னு பெரியப்பா சொன்ன அதே ரேட்டு. பைசா மாறல. தம்பி கையில பேனா அப்படியே நின்னுபோச்சு. கேக்கவேண்டிய ரேட்டை நான் சொல்ல வாயெடுத்தேன், "அதெல்லாம் வேண்டாம் மேடம், ஒரே பேச்சா முடிச்சிக்கலாம்"ன்னு அவர் சொன்னப்போ எனக்கு எல்லாம் விளங்கிடுச்சு. இருக்கிறதிலேயே கேவலம் என்னன்னா, அவங்க திருடல. ஒட்டுக் கேக்கவும் இல்ல. சோபாவுல உட்கார்ந்திருந்தாங்க, அவ்வளவுதான். ஹாலே எங்க கணக்கை எடுத்துக்கிட்டுப் போய் அவங்க கையில கொடுத்திருக்கு.

எல்லாரும் போனதும் ஒரு நாற்காலியைத் தடுப்பு ஓரமா போட்டு ஏறி நின்னேன். ஃபால்ஸ் சீலிங் பலகை ஒன்னைத் தூக்கி, செல்போன் டார்ச்சை உள்ளே காட்டினேன். தடுப்பு சீலிங்கோட நின்னுபோச்சு. அதுக்கு மேல கான்கிரீட் கூரை வரைக்கும் முழங்கை உயரத்துக்கு வெட்டவெளி. அந்தப் பக்கத்து ரூம் லைட் வெளிச்சம் சீலிங் சந்து வழியா கோடு கோடா தெரியுது. ஏசி குழாய் ஒன்னு இந்தப் பக்கமிருந்து அந்தப் பக்கம் வரைக்கும் ஓடுது. இறங்கி அடியில பார்த்தேன். தடுப்புக்கும் தரைக்கும் நடுவுல என் விரல் தாராளமா போச்சு. இந்தப் பலகையை நிறுத்தினதும் பக்கவாட்டுல ஒரு கைப்பிடி போட்டுத் திருகணும், அப்போ அடியில இருந்து ரப்பர் பட்டை இறங்கி தரையை அழுத்திக்கும். கைப்பிடி எங்கேன்னு கேட்டேன். ஸ்டோர் ரூம்ல இருக்குதாம். யாரும் கேக்கறதில்லையாம்!

சத்தத்தை எவ்வளவு தடுக்கும்னு சொல்ல எஸ்டிசின்னு ஒரு அளவு இருக்கு. அது 50 இருந்தா பக்கத்துல சத்தமா பேசினாலும் இங்க வார்த்தை புரியாது. 30க்குக் கீழே போனா சாதாரணப் பேச்சே புரியும். மடக்குத் தடுப்புலயும் 50 கிடைக்குது, கம்பெனிக்காரங்க தர்றாங்க. ஆனா எவ்வளவு உசத்தியான பலகையைப் போட்டாலும், பரப்புல நூத்துல ஒரு பங்கு சந்து இருந்தா போதும், மொத்தத்துல 20 டெசிபலுக்கு மேல அது தடுக்காது. மனுஷன் சாதாரணமா பேசுறதே ஒரு மீட்டர் தூரத்துல 60 டெசிபல். நீங்களே கழிச்சுப் பாருங்க, மிச்சம் 40 அப்படியே அந்தப் பக்கம் போயிடுது. ஓட்டைக் குடத்துக்கு வெள்ளிப் பூண் போட்ட கதைதான் இது. இத்தனைக்கும் பெரிய செலவா? தடுப்பு ஓடுற தண்டவாளத்துக்கு நேர் மேலே, சீலிங்குக்கு உள்ளே, ரெண்டு பக்கமும் ஜிப்சம் போர்டு அடிச்சு நடுவுல சத்தத்தை உறிஞ்சுற ராக்வூல் பஞ்சை அடைச்சு கூரை வரைக்கும் ஏத்தணும். குழாய் போற இடத்தைச் சுத்தி சந்தில்லாம பூசணும். வெயிட்டிங் சோபாவைத் தடுப்புலயிருந்து தள்ளி வாசல் பக்கம் போடணும். பிளான் போடும்போதே ரெண்டு ரூமுக்கும் நடுவுல ஸ்டோரையோ பேன்ட்ரியையோ வச்சிருந்தா அந்தத் தலைவலியே இல்ல. கண்ணுக்குத் தெரியற இடத்துல வாசல் கண்ணாடிக்கும் சரவிளக்குக்கும் கொட்டின காசுல எத்தனை பங்கு இதுக்கு ஆகியிருக்கும்?

தரையெல்லாம் பளபளன்னு கிரானைட். நம்ம மாவட்டத்துக் கல்லு, அதுல எனக்கும் பெருமை உண்டு. ஆனா கீழே கல்லு, பக்கத்துல கண்ணாடி, ஒரு திரைச்சீலை கிடையாது, ஒரு கார்ப்பெட் கிடையாது. பேசினது நாலு சுவர்லயும் மோதி மோதித் திரும்புது. காது நல்லா கேக்கறவங்களுக்கே வார்த்தை குழம்புது, அப்புறம் பெரியப்பா மாதிரி ஆளு மூணு தரம் கேக்காம என்ன செய்வார்? அவர் சத்தமா பேசினதுக்கும் இந்த ஹால்தான் காரணம். ரெண்டு பாதிக்கும் ஏசி ஒரே ரிமோட். டேபிள் ஒவ்வொன்னும் நாலு ஆளு தூக்கணும். சக்கரம் வச்ச ஒன்னரை அடி அகல மடக்கு மேஜை போட்டா ரெண்டு பேர் நகர்த்தி வட்டமா உட்கார்ந்துக்கலாமே. வாசல்ல படிக்கட்டு, சாய்தளம் கிடையாது. மாற்றுத்திறனாளிகளுக்குச் சட்டமே 2016ல வந்துடுச்சு, ஒரு அடி உயரத்துக்குப் பன்னிரண்டு அடி நீளத்துல சாய்தளம் போடணும்னு அரசாங்க வழிகாட்டுதல்ல அளவு வரைக்கும் எழுதி வச்சிருக்கு. முட்டி வலியோட வந்த எங்க அக்கா ஒருத்தர் கைப்பிடி இல்லாத அந்தப் படியில ஏறினதைப் பார்த்தப்பவே எனக்குப் பத்திக்கிட்டு வந்துச்சு.

ஏன் இப்படிக் கட்டறாங்கன்னு எனக்குத் தெரியும். ஆடியில கல்யாணம் கிடையாது, மார்கழியில கிடையாது, ஹால் சும்மா கிடக்கும். அந்த மாசத்துக்கும் காசு பார்க்க மண்டபத்துக்கு நடுவுல ஒரு பலகையை ஓடவிட்டு, பேரை மாத்தி வைக்கிறாங்க. சம்பாதிக்கட்டும், யார் வேண்டாம்னா? ஆனா கல்யாணத்துல ரகசியம் கிடையாது. மீட்டிங்ல உண்டு. மகளிர் குழு கடன் கணக்கு பேசும், பட்டுக்கூடு வளர்க்கறவங்க விலை பேசுவாங்க, ஒரு பட்டறை முதலாளி ஆளைக் கூப்பிட்டு உட்கார வச்சு சம்பளம் பேசுவார். அது வெளியில போனா அவங்கவங்க பொழப்பு போச்சு.

எங்க ஆளு ஒருத்தரே வெளியில வந்து, "பகல்ல பக்கம் பார்த்துப் பேசணும்னு பெரியவங்க சொல்லியிருக்காங்களே அக்கா"ன்னார். அண்ணா, பக்கம் பார்த்துப் பேசறதுக்குத்தானே தோப்பை விட்டுட்டு, டீக்கடை பெஞ்சை விட்டுட்டு, வாடகை கட்டி ரூமுக்குள்ள வந்தோம்? தப்பு பெரியப்பா மேலயாம். காது கேக்காத மனுஷன் மேல! அவருக்கு இது தெரிஞ்சா ஒடிஞ்சு போயிடுவார்னு நாங்க யாரும் இன்னும் அவர்கிட்ட வாயே திறக்கல.