மகள்களின் கிளைகளை விட்டுவிடலாமா?
பல பிள்ளைகளைப் பெற்ற ஒரு மூதாதையரின் வழித்தோன்றல்களைக் கண்டறிய, மகன்கள் வழியே தொடரும் குடும்பப் பெயரைப் பின்பற்றினாலே போதும் என்று, குடும்ப மரம் வரைவது பற்றிய கட்டுரையின் ஆசிரியர் கூறுவதை என்னால் ஏற்க இயலவில்லை. விக்டோரியா அரசியாரின் 9 பிள்ளைகளில் 5 பேர் பெண்கள். அவர்களின் கிளைகளை விட்டுவிட்டால், ஜெர்மனியின் கடைசிப் பேரரசரும் ரஷ்யாவின் கடைசிப் பேரரசியும் அவருடைய பேரப்பிள்ளைகள் என்ற செய்தியே குடும்ப மரத்தில் இடம்பெறாது.

கட்டுரை தொடாத சிக்கல் ஒன்றும் உண்டு. குழந்தை இறப்பு மிகுந்திருந்த காலத்தில், இறந்த பிள்ளையின் பெயரையே அடுத்துப் பிறந்த பிள்ளைக்கும் சூட்டும் வழக்கம் பல சமூகங்களில் இருந்ததால், ஒரே பெற்றோருக்கு ஒரே பெயரில் இரண்டு பிறப்புப் பதிவுகள் கிடைக்கும்போது, அவை ஒருவரையே குறிக்கின்றன என்று முடிவு செய்வதற்கு முன் இறப்புப் பதிவேட்டையும் பார்த்தாக வேண்டும். இசையமைப்பாளர் யோகான் செபாஸ்தியன் பாக்கின் 20 பிள்ளைகளில் 10 பேரே வளர்ந்து ஆளானார்கள் என்பதையும், அவர்கள் இரண்டு தாய்மார்களின் மக்கள் என்பதையும் நினைத்துப் பார்த்தால், ஒவ்வொரு பதிவிலும் தாயின் பெயரைக் குறித்துக்கொள்வது எவ்வளவு இன்றியமையாதது என்பது விளங்கும். தந்தையிடமிருந்து மகனுக்கு மட்டுமே செல்லும் ஒய் குரோமோசோமை ஆராயும் மரபணுச் சோதனையும் தந்தை, மகன், பேரன் என்ற ஒற்றைக் கோட்டை மட்டுமே காட்டும். மகள்களின் வழியை அறிய ஆவணங்களோடு, தாய் தந்தை இருவரிடமிருந்தும் வரும் மரபணுக்களை ஆராயும் ஆட்டோசோமல் மரபணுச் சோதனையும் தேவை.